பெரிய டயர் போட்ட வி-கிராஸுக்குப் பழைய ஸ்டெப்னி போதுமா? ஓட்டிப் பார்த்து எழுதும் மதிப்புரை

2017இல் வாங்கிய என் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப்பில், கம்பெனி டயர்கள் தேய்ந்து முடிந்த 2021ஆம் ஆண்டில், 245/70 ஆர் 16 என்ற பழைய அளவுக்குப் பதிலாக 265/70 ஆர் 16 அளவுள்ள, எல்லா வகைத் தரைக்குமான ஆல் டெரெய்ன் டயர்களைப் போட்டேன். முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது, மூன்றாவது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். அந்த மாற்றத்தைப் பற்றி நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் பிடிமானம், சத்தம், மைலேஜ் ஆகிய மூன்றைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஸ்டெப்னியை என்ன செய்தீர்கள் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானும் டயர் வாங்கிய அன்று அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகளும் ஒரு மழைநாளும் தேவைப்பட்டன. டயரின் பிராண்டையும் வாங்கிய கடையையும் இங்கே குறிப்பிடவில்லை. சொல்லப்போவது அளவைப் பற்றியது, எந்த பிராண்டுக்கும் அது பொருந்தும்.

முதலில் டயர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சியைச் சுற்றியுள்ள தோப்புப் பாதைகளிலும், வால்பாறை எஸ்டேட் சாலைகளிலும், மழையில் ஊறிய செம்மண்ணிலும் இந்த டயர்கள் பழையவற்றைவிடத் தெளிவாக நன்றாகப் பிடிக்கின்றன. தார்ச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஒரு தொடர்ந்த முனகல் கேட்கிறது. ஒரு வாரத்தில் காது பழகிவிடும். ஸ்டீயரிங் சற்றே கனத்திருக்கிறது. ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதைவிட நூற்றுக்குக் கிட்டத்தட்ட 4 குறைத்துக் காட்டுகிறது. கிலோமீட்டர் கணக்கும் அதே அளவு குறைவாக ஓடுவதால், டீசல் அதிகம் குடிக்கிறது என்று முதலில் நினைத்தேன். கணக்கைத் திருத்திப் பார்த்தபோது மைலேஜ் இழப்பு நான் பயந்த அளவுக்கு இல்லை. டயர்களில் எனக்குக் குறை எதுவும் இல்லை. குறை இருந்ததெல்லாம் நான் அவற்றை வாங்கிய எண்ணிக்கையில்தான்.

கடையில் நான்கு டயர்களை இறக்கி வைத்தபோது, ஐந்தாவதாக ஒன்று வாங்க வேண்டுமா என்ற பேச்சு ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. "நாலு போதுங்க சார், ஸ்டெப்னி கீழே சும்மாதானுங்களே கிடக்குது, 28 மில்லிமீட்டர்ல என்னங்க ஆகப் போகுது?" என்றார் கடைக்காரர். ஏமாற்றும் எண்ணம் அவரிடம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஐந்தாவது டயரை விற்றிருந்தால் அவருக்கு லாபம்தான். என் செலவைக் குறைப்பதாக நினைத்தே அப்படிச் சொன்னார். அவர் சொன்ன கணக்கும் சரியானதே. 245/70 ஆர் 16 டயரின் விட்டம் சுமார் 749 மில்லிமீட்டர். 265/70 ஆர் 16 டயரின் விட்டம் சுமார் 777 மில்லிமீட்டர். பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் விரலிடை அளவு வித்தியாசம்தான் தெரியும். அது சக்கரமாக உருளத் தொடங்கும்போது என்ன ஆகும் என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

2023 ஜூன் மாதம், வால்பாறைக்கு அப்பால் ஓர் எஸ்டேட்டின் உட்சாலையில், புல்லுக்குள் மறைந்திருந்த உடைந்த கருங்கல் ஒன்று இடதுபக்கப் பின் டயரின் பக்கச் சுவரான சைடுவாலைக் கிழித்தது. தரையில் உருளும் பகுதியில் ஆணி ஏறினால் துளையை அடைத்தோ பேட்ச் ஒட்டியோ ஓட்டிவிடலாம். சைடுவால் கிழிந்தால் எந்தப் பஞ்சர் கடையும் உதவ முடியாது, உதவவும் கூடாது. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. பின்பம்பருக்கு மேலுள்ள துளையில் கம்பியை நுழைத்து, ஸ்டெப்னியை அடியில் தாங்கும் விஞ்ச்சைச் சுற்றினேன். ஆறு ஆண்டுகளாக ஒருமுறைகூடக் கீழே இறங்காத ஸ்டெப்னி, துருவும் சேறும் கலந்த ஓசையோடு மெல்ல இறங்கியது. அதன் சைடுவாலில் 1017 என்று அச்சிட்டிருந்தது. 2017ஆம் ஆண்டின் பத்தாவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டிகள், சிறிதும் தேயவில்லை என்றாலும் ரப்பர் இறுகியிருந்தது, காற்று பாதிக்கும் கீழே இருந்தது. கையோடு வைத்திருந்த சிறிய கம்ப்ரஸரால் காற்றேற்றி அதை மாட்டினேன்.

மாட்டி முடித்து எழுந்து பார்த்தபோதே பின்பக்கம் இடதுபுறம் ஒரு சாய்வு தெரிந்தது. அது கண்ணுக்கு மட்டும் தெரிகிற சங்கதி. அடுத்து நடந்தது வேறு. சேறான ஏற்றம் ஒன்றைக் கடக்க வேண்டியிருந்ததால் டயலை, நான்கு சக்கரங்களும் இழுக்கும் 4 எச் நிலைக்குத் திருப்பினேன். வண்டி சிரமமில்லாமல் ஏறியது. மேலே ஈரமான தார்ச்சாலை தொடங்கியது. அங்கேயே, பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் 2 எச் நிலைக்கு மாற்றியிருக்க வேண்டும். ஆனால் சாலை நடுநடுவே பெயர்ந்து சேறாகவே கிடந்ததால், இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும் என்று விட்டுவிட்டேன். சில நூறு மீட்டருக்குள் ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி பிடித்திழுப்பதுபோல் முரண்டத் தொடங்கியது. டயலை 2 எச்சுக்குத் திருப்பினால் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. முன் அச்சு விடுபடவில்லை. சற்று நின்று, நாலைந்து மீட்டர் பின்னுக்கு எடுத்த பிறகுதான் ஒரு தட்டல் ஓசையோடு விடுபட்டது.

இதை வண்டியின் குறையாக யாரும் கொள்ள வேண்டாம். பகுதிநேர நாலு சக்கர இயக்கம் உள்ள எந்த வண்டியிலும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. 4 எச் போட்டால், அச்சுகளுக்கு விசை கொண்டுபோகும் முன் புரொப்பல்லர் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். சேற்றிலும் மணலிலும் சக்கரங்கள் கொஞ்சம் வழுக்கி, முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஓடும் தூரத்தில் வரும் வித்தியாசத்தைச் சமன் செய்துகொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. நான்கு சக்கரமும் ஒரே அளவாக இருக்கும்போதே, தாரில் 4 எச் போட்டுத் திருப்பங்களில் ஓட்டினால் முறுக்கம் ஏறும். அளவில் ஒன்று சின்னதாக இருந்தால் நேர்ச்சாலையிலும் அந்த முறுக்கம் ஏறிக்கொண்டே போகும். பற்சக்கரங்களும் ஷாஃப்டுகளும் முறுக்கிய கயிறுபோல் இறுகி நிற்கும்போது எந்த டயலும் அவற்றைப் பிரிக்க முடியாது. என் கவனக்குறைவு பாதி, அளவு வித்தியாசம் பாதி என்றே கருதுகிறேன்.

2 எச்சில் இந்த முறுக்கம் இல்லை. ஆனால் அங்கே சுமை பின் அச்சின் டிஃபரன்ஷியல்மேல் விழுகிறது. பழைய டயரின் சுற்றளவு சுமார் 2,354 மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டரில் அது ஏறத்தாழ 425 முறை சுற்றும். புதிய டயரின் சுற்றளவு சுமார் 2,442 மில்லிமீட்டர். அது 410 முறைதான் சுற்றும். ஆக, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இடது சக்கரம் வலதைவிட 15 சுற்று கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஆழியாறு வழியாகப் பொள்ளாச்சி வந்து சேர சுமார் 65 கிலோமீட்டர். அதற்குள் ஏறத்தாழ ஆயிரம் சுற்றுகள். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறிய பற்சக்கரங்கள் திருப்பங்களில் வேலை செய்வதற்காக இருப்பவை. நேர்ச்சாலையில் அவை ஏறக்குறைய ஓய்வில்தான் இருக்கும். அளவு மாறிய சக்கரம் அவற்றுக்கு ஓய்வே கொடுக்காது. ஒருநாள் பயணத்தில் அவை கெட்டுவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இரு சக்கரங்களின் வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும், கிளட்ச் தட்டுகள் உள்ள லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் பொருத்திய வண்டியில், அந்தத் தட்டுகள் வழி முழுவதும் ஒன்றோடொன்று தேய்ந்து சூடேறும். எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம்.

பிரேக்கையும் மறந்துவிடக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், ஒவ்வொரு சக்கரமும் சுற்றும் வேகத்தை அளந்து எது பூட்டிக்கொள்ளப் போகிறது என்று கணிக்கிறது. ஒரு சக்கரம் எப்போதும் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றினால் அந்தக் கணிப்பு பிசகும். நிலைத்தன்மைக் கட்டுப்பாடு உள்ள புதிய மாடல்களில் எச்சரிக்கை விளக்கு எரிவதும் உண்டு. பழைய ரப்பரும் புதிய ரப்பரும் ஈரச்சாலையில் ஒரேபோல் பிடிக்காது என்பதால், மலை இறக்கத்தில் நான் முழுக்க முழுக்க இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே வந்தேன்.

இறங்கும் முன் ஒரு வேலை செய்தேன். அதை மற்றவர்களும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. வால்பாறையில் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தி, முன்பக்க இடது சக்கரத்தைப் பின்னுக்கும் ஸ்டெப்னியை முன்னுக்கும் மாற்றினேன். பின் சக்கரங்கள் இழுக்கும் வண்டியில், 2 எச்சில் முன் அச்சுக்கு எஞ்சின் விசை போவதில்லை. அதனால் சின்ன டயர் முன்னால் இருந்தால் பின் டிஃபரன்ஷியல் பிழைத்துக்கொள்ளும். ஸ்டீயரிங் லேசாக ஒருபக்கம் இழுக்கும், அதைக் கையால் உணர்ந்து ஓட்ட முடியும். அந்தக் கடையில் வேலை செய்த பெரியவர் நான் விளக்குவதற்கு முன்பே, "பெரிய டயரு ரெண்டையும் பின்னாடி போட்டுக்கங்க தம்பி, 4 எச்சைத் தொடாதீங்க" என்றார். எஸ்டேட் ஜீப்புகளையே பார்த்து வாழ்ந்தவருக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்காது.

ஸ்டெப்னி என்ற சொல்லே வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரிலிருந்த ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. மோட்டார் கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமலே விற்கப்பட்ட 1904 வாக்கில், அங்கே ஆரக்கால் இல்லாத, டயர் மாட்டிய ஒரு வளையத்தைச் செய்தார்கள். பஞ்சரான சக்கரத்தின்மேல் அதைக் கவ்வவைத்து வீடு வந்து சேர்வார்கள். ஸ்டெப்னி அன்று தற்காலிக ஏற்பாடாகப் பிறந்தது. இன்றும் பல கார்களில் மெல்லிய தற்காலிக ஸ்டெப்னியைத்தான் தருகிறார்கள், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதே என்ற எச்சரிக்கையோடு. நகரத்துக் காருக்கு அது போதும், அடுத்த பஞ்சர் கடை கூப்பிடு தூரத்தில் இருக்கும். ஆனால் பெரிய டயர் போடுகிறவன் எதற்காகப் போடுகிறான்? கடைகள் இல்லாத இடத்துக்குப் போவதற்காக. அங்கேதான் டயர் கிழியும், அங்கேதான் 4 எச்சும் தேவைப்படும். அந்த இடத்தில் 4 எச்சைத் தொட விடாத ஸ்டெப்னி, தேவைப்படும் நேரம் பார்த்துக் கைவிடும் ஸ்டெப்னிதான்.

இதே காரணத்துக்காகப் பஞ்சர் கிட்டை மட்டும் நம்பி ஸ்டெப்னியைக் கழற்றி வைப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ட்யூப்லெஸ் டயரும், காற்றழுத்தக் கண்காணிப்பும், பழுதுபார்க்கும் கிட்டும் உள்ள 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. மின்சாரக் காருக்கு அந்த இடத்தில் பேட்டரி வைக்க முடியும், நியாயமான விதிதான். ஆனால் கிழிந்த சைடுவாலை எந்தக் கிட்டும் ஒட்டாது.

ஸ்டெப்னி எந்த வகையில் ஒத்திருக்க வேண்டும் என்பதில்தான் பலருக்குக் குழப்பம். பிராண்டும் பட்டன் வடிவமும் ஒன்றாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஆபத்தில்லை. ரிம்மின் அங்குலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. போல்ட் துளைகள் பொருந்த வேண்டும், ரிம் பிரேக்கில் உரசக் கூடாது, டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் சுமை எண் குறையக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக முழு விட்டம் ஒத்திருக்க வேண்டும். டொயோட்டா ஹைலக்ஸில் வரும் 265/65 ஆர் 17, 265/60 ஆர் 18 என்ற இரண்டு அளவுகளைப் பாருங்கள். ரிம் வேறு வேறு. ஆனால் முதலாவதன் விட்டம் சுமார் 776 மில்லிமீட்டர், இரண்டாவதன் விட்டம் சுமார் 775. இவற்றில் ஒன்றுக்கு மற்றொன்று ஸ்டெப்னியாக எந்தத் தயக்கமும் இல்லாமல் ஓடலாம். மாறாக, ஒரே 16 அங்குல ரிம்மில் ஏறும் 245/70க்கும் 265/75க்கும் இடையே 54 மில்லிமீட்டர், அதாவது 7 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம். கிலோமீட்டருக்கு 29 சுற்று. அந்த ஜோடியை நான் ஓட்டவே மாட்டேன். என் வண்டியின் வித்தியாசம் 3.7 விழுக்காடு. என்னைப் பொறுத்தவரை 2 விழுக்காட்டுக்குள் இருந்தால் நிம்மதி, 3ஐத் தாண்டினால் அடுத்த கடைவரை மட்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். 255/60 ஆர் 18 டயர்களோடு வந்த பிந்தைய வி-கிராஸ் வைத்திருப்பவர்களும் தங்கள் ஸ்டெப்னியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை குனிந்து படித்துவிட்டுப் பிறகு அளவை ஏற்றுவது நல்லது.

தேய்மானத்தையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். நான்கு டயர்களும் 6 மில்லிமீட்டர் தேய்ந்த பிறகு, அதே அளவுள்ள புத்தம்புதிய ஸ்டெப்னியைப் போட்டால் விட்டத்தில் 12 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும், அது 1.6 விழுக்காடு. அளவு ஒன்றாக இருப்பதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. ஸ்டெப்னியும் மற்றவற்றோடு சேர்ந்து தேய வேண்டும்.

பொள்ளாச்சி திரும்பியதும் நான் செய்தது இதுதான். அப்போது டயர்கள் 22,000 கிலோமீட்டர் ஓடியிருந்தன. கிழிந்ததற்குப் பதிலாக ஒன்று மட்டும் வாங்காமல், அதே டயரில் இரண்டு புதியவை வாங்கி அவற்றைப் பின் அச்சில் ஜோடியாகப் போட்டேன். மிச்சமிருந்த மூன்றில் இரண்டு முன்னால் போயின. மூன்றாவதைப் பழைய ஸ்டெப்னியின் ரிம்மில் ஏற்றி ஸ்டெப்னி ஆக்கினேன். ஒவ்வோர் அச்சிலும் இரண்டு சக்கரங்கள் சமமாக இருந்தன. கிழிந்த பிறகு விழித்துக்கொள்பவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு வழி இன்னும் எளிது. ஐந்து வாங்கி, ஐந்தையும் சுழற்சியில் போடுங்கள். ஐந்தாவது டயரால் பில் நான்கில் ஒரு பங்கு கூடும். ஆனால் சாலையில் எப்போதும் நான்குதான் ஓடும் என்பதால், நான்கு டயர்கள் 50,000 கிலோமீட்டர் உழைக்கும் என்றால் ஐந்து டயர்கள் 62,500 கிலோமீட்டர் உழைக்கும். கூடுதலாகக் கொடுத்த பணம் அப்படியே ஓட்டமாகத் திரும்பி வந்துவிடுகிறது. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சுழற்றினால் ஸ்டெப்னியும் ஓரிடத்தில் கிடந்து இறுகிப்போகாது. இந்தக் கணக்கை அன்று கடையில் யாராவது ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுக் காட்டியிருந்தால் நான் தயங்கியிருக்க மாட்டேன்.

தயங்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது ஸ்டெப்னி தொங்கும் இடம். வண்டியின் அடியில் சேஸிஸ், சைலன்சர் குழாய், பம்பர் மூன்றுக்கும் நடுவே உள்ள இடைவெளி பழைய டயருக்காக விட்டது. அகலத்தில் 20 மில்லிமீட்டரும் விட்டத்தில் 28 மில்லிமீட்டரும் கூடும்போது, வேறு வண்டியை இழுப்பதற்கான டோ பாரோ வெளியில் வாங்கிய பம்பரோ போட்டிருந்தால் இடிக்கக்கூடும். வாங்குவதற்கு முன் டேப்பை எடுத்துக்கொண்டு அடியில் படுத்து அளந்து பாருங்கள். என் வண்டியில் அது உள்ளே அடங்கியது, ஆனால் முன்பைவிடச் சற்றுக் கீழே தொங்குகிறது. செங்குத்தான இறக்கத்தில் பின்பக்கம் தரையில் தட்டுமா என்று இப்போது பார்த்துத்தான் இறங்குகிறேன். காற்றைப் பாதி இறக்கிவிட்டு இடுக்கில் திணிக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கையில் கம்ப்ரஸர் இருந்தால் அதில் தவறில்லை. அடியில் இடமே இல்லாத அளவுக்குப் பெரிய டயர் போட்டவர்கள் ஸ்டெப்னியைப் பின்பெட்டியில் நிறுத்திக் கட்டுகிறார்கள். சரக்கு இடம் போகும், ரிம்மோடு 30 கிலோவை நெருங்கும் எடையைத் தூக்கி இறக்க வேண்டியிருக்கும். அது கட்டுப்படியாகாது என்றால் டயர் அளவையே குறைத்துக்கொள்வதுதான் சரி என்பது என் எண்ணம். ஸ்டெப்னிக்கு இடமில்லாத அளவை நான் பெரிய டயர் என்று சொல்ல மாட்டேன், பொருந்தாத டயர் என்றுதான் சொல்வேன்.

சட்டத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு. டயர் அளவை ஏற்றும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டால் பதில் வேறாக இருக்கலாம்.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை விஞ்ச்சை இறக்கி, சேற்றைக் கழுவி, கிரீஸ் வைத்து, ஸ்டெப்னியின் காற்றைச் சரிபார்த்து மறுபடி ஏற்றிவைக்கிறேன். அரை மணி நேர வேலை. ஜாக்கியோடு ஒரு கனமான பலகைத் துண்டும் வண்டியில் இருக்கிறது, சேற்றில் ஜாக்கி புதையாமல் இருக்க. சென்ற மழைக்காலத்தில் அதே எஸ்டேட் பாதையில் இன்னொரு டயரில் ஆணி ஏறியது. மழையிலேயே ஸ்டெப்னியை மாட்டிவிட்டு, 4 எச் போட்டுச் சேற்றைத் தாண்டி, தார் தொடங்கியதும் 2 எச்சுக்கு மாற்றினேன். விளக்கு ஒருமுறை சிமிட்டி அணைந்தது.